முதலில் எழுத்துரு, கடைசியில் இயங்குதளம்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் தம்பி கேட்டது: "அண்ணா, எங்க சங்கத்துல ஏழு கம்ப்யூட்டர். எல்லாமே விண்டோஸ் 10. இனி அதுக்கு அப்டேட் வராதாம். பதினொண்ணு போட மிஷின் பத்தாதாம். ஜெர்மனியில ஒரு மாநில அரசே ஓப்பன் சோர்ஸுக்குப் போயிடுச்சுன்னு ஒருத்தர் சொல்றார். மியூனிக் மாநகராட்சி போயிட்டுத் திரும்பி வந்துடுச்சுன்னு இன்னொருத்தர் சொல்றார். நம்ம அரசாங்கம் ஏன் மாறல? நாங்க மாறலாமா?"

தம்பி, அந்த இரண்டு பேர் சொன்னதும் பெரும்பாலும் சரிதான். (ஓப்பன் சோர்ஸ் என்றால் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் அந்த வகை இயங்குதளம்.) உன் கேள்வியில்தான் ஒரு சின்னத் தப்பு. நம் அரசாங்கம் மாறாமல் இல்லை, மாறிப் பார்த்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கணினி பழுது பார்க்கிறவன் என்பதால் அதன் பாதியைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இது 2006-ஐ ஒட்டித் தொடங்கியது. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், முதலில் தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். அரசுக்கும் பள்ளிகளுக்கும் எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளிலும் லினக்ஸ் வரத் தொடங்கியது. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் ஒரு கொள்முதல் நிறுவனமே முன்னால் நின்று இப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை. 2008-இல் அவர் அங்கிருந்து மாற்றப்பட்டார். மேலே ஆள் மாறியதும் கீழே நாங்கள் பார்த்த வேகமும் போய்விட்டது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது, 2007-இலேயே வெளிவந்தது. பெட்டியைத் திறந்த பையன்கள் என்ன செய்தார்கள்? நேராகக் கடைக்கு வந்தார்கள். "அண்ணா, பாஸைத் தூக்கிட்டு அந்த இடத்தையும் விண்டோஸுக்கே குடுத்திருங்க." நானே எத்தனை மிஷினில் தூக்கியிருப்பேன், கணக்கில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அதுதான் பிழைப்பு.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதையொட்டித் தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. நீ இப்போது நிற்கும் அதே வாசல். அன்றைக்கு மொத்த அரசும் அங்கே நின்றது.

அந்த வருடம் குன்னூர்ப் பக்கம் ஒரு அலுவலகத்தில் பதினொரு கணினியை மாற்றும் வேலை எனக்கு வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்தேன். எல்லாம் சுத்தமாக ஏறிற்று, பழைய எக்ஸ்பியைவிட வேகமாக ஓடிற்று. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கள் காலை பத்தேகாலுக்கு போன். கண்காணிப்பாளர் முந்தின வாரம் அடித்த கடிதத்தைத் திறந்திருக்கிறார். ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. எல்லாம் கோணல்மாணல் குறிகள்.

காரணம் லினக்ஸ் இல்லை. எல்லா மிஷினுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பழக்கத்துக்கு வருமுன் நம் அலுவலகங்கள் எல்லாம் வானவில், பாமினி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்தும் சில குறிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் முகமூடி மாட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத மிஷினில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடுதான் அரசின் தரம் என்று 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி ஆணை வந்திருந்தது. ஆணை கோட்டையில் இருந்தது, கடிதங்கள் பழைய எழுத்துருவில் இருந்தன. சரி என்று எழுத்துருவை நகலெடுத்துப் போட்டேன். படிக்க முடிந்தது. அடிக்க முடியவில்லை. அந்த விசைப்பலகைச் செயலி விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அங்கிருந்த தட்டச்சர் அம்மா ஹையர் பாஸ் செய்து இருபது வருடம் டைப்ரைட்டர் விசையிலேயே விரல் பழகியவர். "இந்த ரெண்டு நாள்ல எனக்கு எழுதத் தெரியாமப் போச்சுப்பா" என்றார். எனக்கு இன்றைக்கும் அந்த வார்த்தை மறக்கவில்லை.

மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் பதினொன்றில் ஒன்பதில் மறுபடி விண்டோஸ். உரிமம் வாங்கினார்களா என்று கேட்காதே. யாரோ ஒரு பையன் பென் டிரைவோடு வந்து மிஷினுக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

இந்த முந்நூறு ரூபாயைக் கவனி. ஐரோப்பாவில் லினக்ஸுக்குப் போட்டி, காசு கொடுத்து வாங்கும் விண்டோஸ். நம் ஊரில் லினக்ஸுக்குப் போட்டி திருட்டு விண்டோஸ். 'லினக்ஸ் இலவசம்' என்று இங்கே யாரிடமாவது சொன்னால், 'இதுவும் இலவசம்தானே' என்று சிரிப்பார்கள். அதனால்தான் விலையைச் சொல்லி லினக்ஸை விற்க முயன்றவர்கள் எல்லாரும் நம்மிடம் தோற்றார்கள். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறித்துத் தொல்லை கொடுக்கும். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகப் பிரித்துச் சொல்லிவிட்டோம். சொல்லைப் பிரித்தோமே தவிர, அரசாணைகளும் செய்திகளும் பேசியது இலவசத்தைப் பற்றித்தான்.

இப்போது மியூனிக். அந்த மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்தது. மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை நிறுத்திவிட்டு மேயரைப் பார்க்க ஓடிவந்தார், மேயர் அசையவில்லை. 'லிமக்ஸ்' என்று பெயர் வைத்து, 2013 வாக்கில் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள். பத்து வருட உழைப்பு. 2014-இல் மேயர் மாறினார். 2016-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மானியத் தலைமையகத்தை மியூனிக் நகருக்குள் கொண்டுவந்தது. 2017-இல் மாமன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பேசாதவர்கள் குறைவு. எனக்கு அந்த முடிச்சைவிட இன்னொன்று முக்கியமாகப் படுகிறது: திரும்பும் முன் நகரமே கேட்டு வாங்கிய ஆய்வு, அதை எழுதியது மைக்ரோசாஃப்டோடு நெருங்கிய தொழில் உறவுள்ள ஆக்சென்ச்சர் நிறுவனமாக இருந்தும்கூட, பெரிய கோளாறு நகராட்சியின் ஐடி நிர்வாகம் சிதறிக்கிடந்ததில்தான் என்று சொன்னது. துறைக்கு ஒரு ஐடி பிரிவு, ஒவ்வொன்றும் ஒரு திசை. யார் வந்து சரிசெய்வது என்பதில் இழுபறி. பிரிண்டர் ஓடாவிட்டாலும் பழி லினக்ஸின் தலையில். 2020-இல் புதிய கூட்டணி வந்து, முடிந்த இடத்தில் எல்லாம் ஓப்பன் சோர்ஸ் என்று மறுபடி சொல்லிவிட்டது. ஆக உன் நண்பர் சொன்ன கதைக்கும் ஒரு அத்தியாயம் மிச்சம் இருக்கிறது.

வியன்னாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2005-இல் 'வீனக்ஸ்' என்று சொந்தமாக ஒரு லினக்ஸ் செய்து ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். மழலையர் பள்ளிகளில் பிள்ளைகளின் மொழித்திறனைப் பார்க்க ஒரு மென்பொருள் வந்தது. அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஓடும். அந்த ஒன்றுக்காக மழலையர் பள்ளிக் கணினிகள் விண்டோஸுக்குத் திரும்பின. சில ஆண்டுகளில் வீனக்ஸ் கதையே முடிந்தது. நம் அரசு இணையதளங்களிலும் ஒரு காலத்தில் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் பார்க்கவும்' என்று எழுதியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த உலாவியே 2022 ஜூனில் ஓய்வுபெற்றுவிட்டது. இன்றைக்கு முக்கால்வாசி அரசு வேலை எந்த உலாவியிலும் நடக்கிறது. 2014-இல் எனக்கு இல்லாத வசதி இது.

மாறி, நிலைத்தும் நின்றவர்கள் பிரான்சின் ஜாந்தார்மெரி. ஊர்ப்புறங்களைக் காவல் காக்கும் போலீஸ் படை. இவர்கள் செய்த வரிசையைப் பார். 2005-இல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேலேயே ஓப்பன் ஆபீஸ் போட்டார்கள். 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு. கோப்பும் உலாவியும் அஞ்சலும் கைக்குப் பழகிய பிறகு, 2008 முதல் அடியில் இருந்த விண்டோஸை உருவி உபுண்டு என்ற லினக்ஸைச் செருகினார்கள். காலையில் வந்து உட்கார்ந்த காவலருக்கு அதே எழுதும் செயலி, அதே உலாவி. வித்தியாசம் ஐகானிலும் விளையாட்டுகளிலும்தான், விளையாட்டு எங்களுக்கு முக்கியமில்லை என்று அவர்களுடைய அதிகாரி ஒருவர் சொன்னார். 2024-இல் அவர்களிடம் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் லினக்ஸில் ஓடின. படை என்பதால் மேலிருந்து உத்தரவு போட்டால் கீழே கேட்பார்கள் என்பதும் உண்மை. நம் அலுவலகங்களில் அது கொஞ்சம் கஷ்டம்.

உன் நண்பர் சொன்ன ஜெர்மானிய மாநிலம் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன். அவர்களும் இதே வரிசைதான். 2024-இல் 30,000 கணினிகளில் லிப்ரே ஆபீஸ் (ஓப்பன் ஆபீஸ் மாதிரியான அலுவலகச் செயலி) என்று அறிவிப்பு, 2025 அக்டோபரில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மாற்றி முடித்தார்கள், லினக்ஸ் அதற்கப்புறம்தான். ஆக 'ஒரு மாநிலமே லினக்ஸுக்குப் போய்விட்டது' என்பது கொஞ்சம் முந்திக்கொண்ட பேச்சு. போய்க்கொண்டிருக்கிறது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் பந்தலூர்க்காரர்களுக்குத் தாளூரைத் தாண்டினால் போதும், கேரளா. எருமாட்டில் என் தங்கை வீடு. போன வருடம் அங்கே இருந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை, எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறவள், என் லேப்டாப்பைக் கேட்டு வாங்கினாள். விண்டோஸ் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதில ஜிம்ப் எங்க மாமா?" என்றாள். ஜிம்ப் என்பது படம் திருத்தும் கட்டற்ற செயலி. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புரியாத மாதிரி அந்தப் பிள்ளைக்கு விண்டோஸ் புரியவில்லை.

கேரளா இதைப் பெரிய தத்துவம் பேசிச் சாதிக்கவில்லை. ஐடி@ஸ்கூல் என்று 2000-களின் தொடக்கத்தில் தொடங்கினார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையும் லினக்ஸிலேயே நடத்தினார்கள். பாடப் புத்தகத்தில் ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ். 2017-இல் அது கைட் என்ற நிறுவனமாயிற்று. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஐடி பொறுப்பாளராக ஒரு ஆசிரியர் இருக்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுக்க மாஸ்டர் டிரெய்னர்கள் இருக்கிறார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுவும் இருக்கிறது. மிஷின் நின்றால் அதே கட்டடத்திலேயே யாருக்காவது தெரியும். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் சொன்னார்கள். அந்தத் தொகையை நான் அப்படியே நம்பமாட்டேன். கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள் என்று போட்ட கணக்கு அது, பள்ளிக்கூடத்துக்கு அந்த விலை சொல்லி யாரும் விற்கப் போவதில்லை. ஆனால் தொகை பத்தில் ஒன்றாக இருந்தாலும் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி மாறாது.

நம் பக்கத்திலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018-இல் வந்த புதிய பிளஸ் ஒன் கணினிப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் இருக்கின்றன. பாடம் ஓப்பன் ஆபீஸ், லேபில் வேறு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள்.

அரசுகள் இப்போது திடீரென்று பரபரப்பதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. 2025 ஜூலையில் குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காட்டி மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நம் நாட்டு நிறுவனம், நம் நாட்டு மண்ணில், ஒருநாள் எழுந்து பார்த்தால் அஞ்சல் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாளில் சேவை திரும்பியது. வேறு நாட்டில் எடுக்கும் முடிவு இங்கே பூட்டுப் போட்டுவிடும் என்று அன்றைக்குத்தான் பல பேருக்கு உறைத்தது. அதற்கு முன்பே, 2023-இல், பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடித்தளமாக வைத்து 'மாயா' என்ற இயங்குதளத்துக்கு மாறப்போவதாகச் செய்தி வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நயாராவில் நின்றது அஞ்சலும் அதைச் சார்ந்த சேவைகளும். அவர்கள் எல்லாக் கணினியிலும் லினக்ஸ் வைத்திருந்தாலும் அஞ்சல் அதே இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு நின்றுதான் போயிருக்கும். அதேபோல, மத்திய அரசு ஊழியர்கள் 12 லட்சம் பேரின் அஞ்சல் ஸோஹோவுக்கு மாறியிருக்கிறது. நம் ஊர் நிறுவனம், பெருமைதான். ஆனால் ஸோஹோவின் மூலநிரலும் மூடிய பெட்டிதான். சுதேசி வேறு, கட்டற்றது வேறு. உபுண்டுவைத் தயாரிப்பது லண்டன் நிறுவனம்; இருந்தாலும் நிரல் நம் கையில் இருப்பதால்தான் அதிலிருந்து மாயா செய்ய முடிந்தது.

சரி, உன் ஏழு மிஷினுக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய மிஷின் என்றால் மறந்துவிடு. காசு கட்டிப் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்க நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த விலை முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் அது இரட்டிப்பாகும். மூன்று வருடமும் கட்டினால் ஒரு மிஷினுக்கு 427 டாலர். அந்தக் காசுக்குப் பழைய மிஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதே வாங்கலாம்.

ஆகவே மாறலாம். ஆனால் ஏழு மிஷினையும் ஒரேயடியாக மாற்றாதே. 2014-இல் நான் செய்ததைத் திருப்பிச் செய்யாதே.

முதல் வேலை எழுத்துரு. சங்கத்தின் பழைய கடிதங்கள், தீர்மானங்கள், உறுப்பினர் பட்டியல் எல்லாம் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று பார். பழைய குறியாக்கம் என்றால் விண்டோஸ் இருக்கும்போதே என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றை வைத்து யூனிகோடுக்கு மாற்றிவிடு. அது விண்டோஸ் செயலி. லினக்ஸ் போட்டபின் தேடினால் கஷ்டம். மாற்றியதும் நாலு கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார், கொம்பும் காலும் சில சமயம் இடம் மாறி நிற்கும். தட்டச்சு யார் செய்கிறார் என்றும் சொல். லினக்ஸில் தமிழ்99 விசையும் இருக்கிறது, டைப்ரைட்டர் விசையும் இருக்கிறது. அவர் விரலுக்குப் பழகியதை வைத்துத் தரலாம்.

இரண்டாவது அந்த இலைக் கணக்கு. பெங்களூரு போன ஒரு பையன் 2011-இல் எக்ஸலில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்) போட்டுச் செய்து கொடுத்தது என்று ஒருமுறை சொன்னாய். எடை, விலை, முன்பணப் பிடித்தம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் எக்ஸல் கோப்பைத் திறக்கும், சூத்திரங்களும் பெரும்பாலும் ஓடும். மேக்ரோ பாதி ஓடும், பாதி முரண்டு பிடிக்கும். பட்டுவாடா நாளன்று அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. இப்போதே விண்டோஸ் மேலேயே லிப்ரே ஆபீஸ் போட்டு, ஒரு மாதம் இரண்டிலும் கணக்கு எழுது. இரண்டு விடையும் ஒரு பைசா பிசகாமல் வருகிறதா என்று பார். வராத இடத்தைக் குறித்து வை, நான் எழுதித் தருகிறேன்.

மூன்றாவது, விண்டோஸை விடாத சாமான்கள். டாலி கணக்குச் செயலி ஓடும் மிஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் மிஷின், கைரேகைக் கருவி இருந்தால் அது. இவற்றோடு லினக்ஸில் மல்லுக்கட்டுவது உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இவற்றுக்கு என்று, ஏழில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு புது மிஷின், உரிமத்தோடு விண்டோஸ் 11. முந்நூறு ரூபாய் விண்டோஸ் இல்லை. மிச்சம் ஆறு மிஷினில் கடிதம், இலைக் கணக்கு, உலாவி என்ற வேலைதான். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய பெட்டிக்கு லினக்ஸ் மின்ட்டின் லேசான வகையான எக்ஸ்எஃப்சிஇ தாராளம். ஜூலை மழையில் மரம் விழுந்து நெட் போய் நீங்கள் செல்போன் டேட்டாவில் காலம் தள்ளும்போது, அப்டேட் தானாக இறங்கி டேட்டாவைக் குடிக்காது, நீ சொன்னால்தான் இறங்கும். உங்கள் ஊருக்கு அதுவே பெரிய உபகாரம்.

முதலில் ஒரே ஒரு மிஷின். எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் அச்சடிக்கிறதா, ஸ்கேனர் எழுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த மிஷினைச் செயலாளருக்குக் கொடுக்காதே, பிடிக்கவில்லை என்றால் அன்றோடு எல்லாம் முடிந்தது. நீ உட்காரு. மூன்று மாதம் நீ அதில் முழு வேலையும் பார்த்தால், பக்கத்து மேசைக்காரர் சந்தேகம் கேட்க என்னைத் தேட மாட்டார், உன்னிடம் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அரவேனு வரை வருகிறேன், அப்படியே உங்கள் சங்கத்துக்கும் வந்துவிடுகிறேன். அதற்குள் பிரிண்டர் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், 'தீர்மானம்' என்ற பெயரில் இருக்கும் பழைய கோப்பு ஒன்றையும் எனக்கு அனுப்பி வை. முதலில் அந்தத் தீர்மானம் தமிழில் திறக்கிறதா பார்ப்போம்.